பல்வலிக் குழு

நம்பாதவர்கள் மூன்றே நாளில் கிடைத்துவிட்டார்கள்.
குரோனிங்கனில் அதற்கா பஞ்சம்?
நூற்றிருபது பேர், பெரும்பாலும் மாணவர்கள்,
பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே பதில்களைத் தட்டிவிட்டு
எட்டு யூரோ கூப்பனோடு பஸ் ஏறிப் போனார்கள்.

நம்புகிறவர்களுக்குத்தான் வலை வீச வேண்டியிருந்தது.

விளம்பரத்தை ஏழு முறை மாற்றினேன்.
'நீங்கள் கடவுளை நம்புகிறவரா?'
போலீஸ் கேட்பதுபோல் இருக்கிறது என்றாள் வீட்ஸ்கே.
'ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்கிறவரா?'
நெறிமுறைக் குழு ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுமதித்தது.
ஆய்வின் தலைப்பு: நினைவாற்றலும் அன்றாட அனுபவமும்.
பொய்.
முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, கோப்பில் வைத்த பொய்.

நடப்பது இதுதான்.
உள்ளே வந்ததும் கணினி உங்களுக்குத் தெரியாமல்
பூவா தலையா போடும்.
பூ என்றால், உங்கள் சாவைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.
தலை என்றால், பல்வலியைப் பற்றி நான்கு வரி.
பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒன்று முதல் ஏழு வரை.
சாவை நினைத்த கை
கடவுளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறதா?
அதை நிறுக்கத்தான் மறுதட்டில் பல்வலி.

ஊர்க் என்னும் மீன்பிடி ஊரிலிருந்து
பதில்கள் வரத் தொடங்கின.
திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, சனிவரை வந்தது,
ஞாயிறு மட்டும் பூஜ்யம்.
சர்வர் படுத்துவிட்டது என்று
கணினிப் பிரிவுக்குப் புகார் எழுதினேன்.
அடுத்த வாரமும் அதே இடத்தில்
பல் விழுந்த சந்து.
அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில்
ஞாயிறு என்றால் கால்பந்து.

எண் 87.
ஆண். வயது ஐம்பத்து நான்கு. பல்வலி.

'வட கடல், டென்மார்க் பக்கம், பிப்ரவரி.
வலது கடைவாய். ஈறு வீங்கி வாய் திறக்கவில்லை.
கிராம்பு எண்ணெய் முந்தின நாளே தீர்ந்துவிட்டது.
தம்பி ரீகெல்ட் சொன்னான்,
நீ படு, உன் முறையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.
படுத்தேன்.
பல்லுக்காகத்தான் ஜெபித்தேன், வேறு எதற்கும் இல்லை.
நாலு மணிக்கு வலி விட்டது, சுத்தமாக.
மேலே போனேன்.
வின்ச் சுற்றிக்கொண்டிருந்தது.'

அதோடு சரி.
கீழே எண்கள்.
கடவுள் என் ஜெபத்தைக் கேட்கிறார்: ஏழு.
கடவுளை எண்ணும்போது எனக்கு ஆறுதல்:
எதையும் தொடவில்லை.
அந்தப் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது நிமிடம்
இருந்திருக்கிறார்.

நீக்கிவிடு என்றாள் வீட்ஸ்கே, கெட்டவள் அல்ல,
சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.
பல்வலிக் குழுவில் சாவு கலந்துவிட்டது.
நம்பிக்கையை அளக்கிற ஆய்வு, நம்பகத்தன்மை போய்விடும்.

'சாவு' என்று தேடினேன். இல்லை.
'இறந்து', 'கடலில் விழுந்து', 'உடல்'. இல்லை.
பல்லைப் பற்றிக் கேட்டோம்,
பல்லைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.
நீக்கக் காரணம் என்ற கட்டத்தில்
அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்று அடித்து
அழித்தேன். மறுபடி அடித்தேன்.

பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளும் கடிதம்
எல்லோருக்கும் போக வேண்டும் என்பது விதி.
போயிற்று.
இருநூற்றுப் பதினேழு பேரில் ஒருவர்தான் பதில் போட்டார்.
திங்கள், காலை ஆறு பத்து.
எண்ணுக்குப் பெயர் கூடாது, ஆனாலும்
லுபர்ட் என்று கையெழுத்திட்டிருந்தார்.

'பல்வலிக்கு யாரும் எட்டு யூரோ தரமாட்டார்கள்,
எனக்கு அப்போதே தெரியும்.
கூப்பன் வேண்டாம்.
அந்தப் பல் இன்னும் இருக்கிறது.
பிறகு வலிக்கவே இல்லை.'

நம்புகிறவர்களில் இப்போது ஒருவர் குறைகிறார்.
விளம்பரத்தை மறுபடி ஏற்றினேன்.
சனி இரவு, பதினொன்று ஐம்பது.